சம்பந்தி, கையை எடுங்க!

விமானிகள் இரண்டு பேர் சம்பந்தி ஆகிவிட்டால் என்ன செய்ய வேண்டும் என்று எந்தப் பாடப்புத்தகத்திலும் எழுதியிருக்கவில்லை. எழுதித் தொலைத்திருக்கலாம். எழுதியிருந்தால் பஞ்சு கேப்டனுக்கு அந்த அவமானம் நேர்ந்திருக்காது.

பஞ்சு என்பது அவர் பெயரில்லை. அவர் விமானத்தைத் தரையிறக்கினால் தூங்கும் பயணிக்கு விழிப்புத் தட்டாது. அவ்வளவு மெத்தென்று இறங்கும் என்பதால் கம்பெனியில் வைத்த பட்டம். இன்னொரு கேப்டனுக்கும் ஒரு பட்டம் உண்டு, ஆனால் அதை அவர் காதுபட யாரும் சொல்ல மாட்டார்கள். உடும்பு. மனுஷன் எதையாவது பிடித்தால் விடமாட்டார். பேச்சைப் பிடித்தாலும் அப்படித்தான், விமானத்தைப் பிடித்தாலும் அப்படித்தான்.

இவர்கள் ஓட்டும் விமானத்தில் ஓட்டுகிற பிடி ஆளுக்கு ஒன்று. இடதுபக்கம் உட்கார்ந்தவருக்கு இடது கை ஓரமாக, வலதுபக்கம் உட்கார்ந்தவருக்கு வலது கை ஓரமாக. உள்ளங்கைக்குள் அடங்கும் சின்னப் பிடிதான். ஒருவர் அசைப்பது மற்றவர் கைக்குத் தெரியாது. இருவரும் சேர்ந்து அசைத்தால் கம்ப்யூட்டர் பாவம் என்ன செய்யும்? இவர் சொன்னதையும் அவர் சொன்னதையும் கூட்டிப் போட்டுத் திருப்பும். இருவரும் ஒரே பக்கம் தள்ளினால் விமானம் வேண்டியதற்கு மேல் சாயும். எதிரெதிர்ப் பக்கம் தள்ளினால் தேமேயென்று நேராகப் போகும். அதற்காகத்தான் ஓர் எச்சரிக்கைக் குரல் வைத்திருக்கிறார்கள். "டூயல் இன்புட்! டூயல் இன்புட்!" என்று கத்தும். இரண்டு கை இருக்கிறது, ஒன்றை எடு என்று அர்த்தம்.

அதையும் மீறி ஒருவர் விடாவிட்டால், பிடியின் தலையில் ஒரு சிவப்புப் பொத்தான் இருக்கிறது. யார் அதை அமுக்குகிறாரோ விமானம் அவருடையது. மற்றவர் பிடி செத்துப்போகும். அதோடு விட்டாலும் பரவாயில்லை, பறிகொடுத்தவர் முகத்துக்கு நேரே சிவப்பு விளக்கு வேறு எரியும்.

போன முறை தரையிலேயே பொம்மை விமானம் ஓட்டிக் காட்டும் சிமுலேட்டர் பரீட்சையில் பஞ்சுவையும் உடும்பையும் ஜோடியாகப் போட்டார்கள். இரண்டு கேப்டன்கள், இரண்டு பேருக்கும் ஓட்டியே பழக்கம். இவர் பிடிக்க, அவரும் பிடிக்க, அந்தக் குரல் கத்திக் கத்தித் தொண்டை வறண்டிருக்கும், தொண்டை என்று ஒன்று இருந்திருந்தால். மறு வாரமே கம்பெனி எல்லா விமானிகளுக்கும் பாதுகாப்பு அறிவிப்பு அனுப்பியது: 'ஒரு விமானம், ஒரு கை.' யார் பெயரும் அதில் இல்லை. ஆனால் ஓய்வறைச் சுவரில் ஒட்டியிருந்த பிரதியில் எவனோ குறும்புக்காரன் ஒரு பஞ்சு மூட்டையும் ஓர் உடும்பும் வரைந்து வைத்திருந்தான். மூட்டைக்குக் கைகூட வரைந்திருந்தான்.

அப்போது இருவரும் வெறும் சக ஊழியர்கள். அதற்குப் பிறகுதான் உடும்பின் மகன் பாட்டில் மூடியைப் பல்லால் கடித்துத் திறக்கப் போய் முன்பல்லை உடைத்துக்கொண்டான். எத்தனையோ பல் டாக்டர்கள் இருக்க, போய்ச் சேர்ந்த இடம் பஞ்சுவின் மகள் கிளினிக். ஒரே தடவையில் ஒட்டி முடித்திருக்க வேண்டிய பல்லுக்கு ஒன்பது தடவை போனான். கடைசியில் இரண்டு வீட்டிலும் பேசி முடித்தாயிற்று, கல்யாணத்துக்கு நாளும் குறித்தாயிற்று.

அன்றிலிருந்து பிடித்தது வினை.

"பொண்ணைக் குடுக்கிற இடம். அவர் மனசு கோணாம நடந்துக்கோங்க" என்று மனைவி சொன்னதுதான் தாமதம், பஞ்சு அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டார். லிஃப்ட் வந்தால் "நீங்க ஏறுங்க சம்பந்தி" என்பார். அவர் "நீங்க முதல்ல" என்பார். இவர்கள் உபசாரம் முடிவதற்குள் கதவு மூடி லிஃப்ட் காலியாக மேலே போய்விடும். காபி மெஷினில் முதல் கோப்பையை இவர் நீட்ட, அவர் வேண்டாமென்று கையாட்ட, நடுவில் யாராவது வாங்கிக் குடித்துவிட்டுப் போவார்கள்.

இதில் பஞ்சுவுக்கு இன்னொரு கவலை. சில வாரங்களாகச் சம்பந்தியின் முகம் சரியில்லை. பேச்சு குறைந்துவிட்டது. சிரித்தாலும் அரைச் சிரிப்பு. போன ஞாயிறு வீட்டுக்கு வந்தவர், அவ்வளவு பார்த்துப் பார்த்துச் சமைத்ததில் வெறும் ரசமும் சாதமும் சாப்பிட்டுவிட்டு எழுந்துவிட்டார். மகள் பக்கத்தில் வந்து நின்றபோது வாயை இறுக்கிக்கொண்டு தலையை மட்டும் ஆட்டினார். 'என்ன தப்புப் பண்ணினோம்?' என்று பஞ்சு இரவெல்லாம் புரண்டார். சாம்பாரில் உப்பு கூடிவிட்டதா என்று மனைவியைக் கேட்டு, அதற்குத் தனியாக வாங்கிக் கட்டிக்கொண்டார்.

இந்த லட்சணத்தில் மறுபடி சிமுலேட்டர் பரீட்சை வந்தது. மறுபடி அதே ஜோடி.

பரீட்சை வைப்பவரைத் தராசு மேடம் என்பார்கள். அவரே பல வருஷம் ஓட்டியவர். ஒரு பக்கமும் சாய மாட்டார் என்பதால் அந்தப் பெயர். "இந்தத் தடவை ஒழுங்கா ஓட்டுங்க சார். இன்னைக்குத் தேறலன்னா நாளைக்கு இன்னொரு தடவை தருவேன். நாளைக்கும் தேறலன்னா தோள்ல இருக்கிற நாலு கோடு மூணாயிடும். கேப்டன் சீட் கிடையாது, துணை விமானியாத்தான் உட்காரணும். என்னைத் திட்டாதீங்க, விதி அப்படி" என்று முதலிலேயே சொல்லிவிட்டார். பஞ்சு தன் தோளைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். அந்த நாலாவது கோட்டுக்காக அவர் பதினைந்து வருஷம் உழைத்திருந்தார்.

சிமுலேட்டர் என்பது உயரமான ஒரு கூடத்தில் இரும்புக் கால்கள் மேல் நிற்கும் பெரிய வெள்ளைப் பெட்டி. மாடி உயரத்திலிருந்து ஒரு சின்ன நடைபாலம் வழியாக உள்ளே போக வேண்டும். ஓர் ஆள்தான் போகலாம். அந்தப் பாலத்தின் வாசலில் "நீங்க போங்க", "நீங்க போங்க" என்று இவர்கள் ஆரம்பிக்க, தராசு மேடம் இருவரையும் விலக்கிக்கொண்டு தானே முதலில் போனார்.

உள்ளே இருட்டு, ஏசி குளிர், பழைய கம்பள வாசனை. உடும்பு இடது சீட்டில், பஞ்சு வலது சீட்டில். பின்னால் மேடம், விரல் நுனியில் காற்றையும் மழையையும் வைத்துக்கொண்டு. உடும்புதான் ஓட்டினார். ஓடுபாதை கண்ணுக்குத் தெரிந்ததும் மேடம் பக்கவாட்டில் ஒரு முரட்டுக் காற்றைத் திறந்துவிட்டார். விமானத்தின் மூக்கு சட்டென்று திரும்பியது. பஞ்சுவின் கை, பழக்க தோஷம், அவரைக் கேட்காமலேயே பிடிக்குப் போய்விட்டது.

"டூயல் இன்புட்! டூயல் இன்புட்!"

ஐயோ, சம்பந்தி கையிலிருக்கும்போதா தொட்டோம் என்று பஞ்சு சுடுபாத்திரத்தைத் தொட்டவரைப் போலக் கையை எடுத்தார். "மன்னிச்சிடுங்க சம்பந்தி, நீங்களே பாருங்க!"

அதே நொடியில் உடும்பும் கையை எடுத்திருந்தார். "பரவாயில்ல சம்பந்தி, நீங்களே எடுத்துக்கோங்க!"

"சேச்சே, நீங்க!"

"அதெப்படி? நீங்க!"

விமானத்துக்கு யாரும் வேண்டாம் போலிருந்தது. அது தன் இஷ்டத்துக்கு ஓடுபாதையைத் தாண்டிப் புல்வெளியில் இறங்கியது. பெட்டி முழுக்கக் கடகடவென்று ஆடியது. முன்னால் திரை சிவப்பாகி அப்படியே நின்றது.

மேடம் சொன்னார்: "போன தடவை ரெண்டு பேரும் பிடிச்சீங்க. இந்தத் தடவை ரெண்டு பேரும் விட்டுட்டீங்க. ரெண்டுக்கும் நடுவுல ஒண்ணு இருக்கே, அது உங்களுக்குத் தோணவே தோணாதா? பின்னால நூத்தைம்பது பேர் உட்கார்ந்திருந்தா அவங்ககிட்டயும் போய் 'நீங்க ஓட்டுங்க'ன்னு உபசாரம் பண்ணுவீங்களா?"

அசடு வழிய இருவரும் இறங்கி வந்தார்கள். உடும்பு கன்னத்தில் கை வைத்துக்கொண்டு, முகத்தைச் சுளித்துக்கொண்டு, ஒன்றும் பேசாமல் காரில் ஏறிப் போய்விட்டார். போச்சு, தொட்டதுதான் கோபம் என்று பஞ்சு முடிவு கட்டினார்.

சாயங்காலம் சாப்பாட்டு மேஜையில் நடந்ததைச் சொன்னபோது மனைவி, "நல்லவேளை, விட்டுக்குடுத்தீங்களே!" என்றாள்.

மகள் தட்டிலிருந்து தலையை நிமிர்த்தினாள். "என்னம்மா நல்லவேளை? பிளேன் புல்லுல போயிருக்கு."

"நிஜ பிளேன் இல்லடி."

"நாளைக்கும் இப்படிப் பண்ணினா அப்பாவோட கோடு நிஜமாப் போயிடும்." அவள் அப்பா பக்கம் திரும்பினாள். "ஏம்பா, சிவப்பு பட்டன்னு ஒண்ணு இருக்கே, அதை அமுக்க வேண்டியதுதானே?"

"நல்லா இருக்கே! அதை அமுக்கினா அவர் பிடி வேலை செய்யாது. அவர் மூஞ்சிக்கு நேரா சிவப்பு லைட் எரியும். சம்பந்திகிட்ட பண்ற காரியமா அது? ஏற்கெனவே அவர் முகம் சரியில்ல."

"நான் ஒருத்தர் பல்லுல மெஷினை வச்சிருக்கும்போது அவர் என் கையைப் பிடிச்சா நான் என்ன பண்ணுவேன், சொல்லுங்க."

"என்ன பண்ணுவே?"

"'கையை எடுங்க'ன்னு ஒரே அதட்டு. எவ்வளவு பெரிய மனுஷனா இருந்தாலும் சரி. அங்க போய் மரியாதை பார்த்தா நாக்குல ஓட்டை விழும்பா. அப்புறமா சிரிச்சுப் பேசிக்கலாம்."

"அது பேஷன்ட். இவர் சம்பந்தி" என்றார் பஞ்சு.

மகள் தண்ணீர் டம்ளரைக் கீழே வைத்தாள். "நான் அந்த வீட்டுக்குப் போறேன்பா. அவங்க நல்லவங்கதான். ஆனா என்னைக்காவது ஒருநாள் அங்க ஏதோ தப்பா போயிட்டிருந்தா, நான் வாயைத் திறந்து சொல்லணுமா வேண்டாமா?"

"சொல்லணும்."

"நீங்க பொம்மைப் பெட்டிக்குள்ள உட்கார்ந்து ஒரு பட்டனை அமுக்கவே நடுங்குறீங்க. அதுவும் என் பேரைச் சொல்லி. அப்புறம் நான் யாரைப் பார்த்துக் கத்துக்கிறது?"

மனைவி பஞ்சுவின் தட்டில் இன்னொரு கரண்டி பொரியல் வைத்தாள். மகள் சொல்வது சரி என்று பட்டால் அதுதான் அவள் வழக்கம். மகளுக்குத் தைரியம் இருக்கிறது என்று இத்தனை நாள் பெருமைப்பட்டுக்கொண்டிருந்த மனுஷருக்கு, அந்தத் தைரியம் தன்னால் குறைந்துவிடுமோ என்று முதல் முறையாகப் பயம் வந்தது.

மறுநாள் காலை கூடத்தில் உடும்பு முன்னாலேயே வந்து நின்றிருந்தார். கண்கள் சிவந்து, கன்னம் லேசாக உப்பி, கடுகடுவென்று. "என்ன சம்பந்தி, தூங்கலையா?" என்று கேட்டதற்கு "ம்" என்றார். அவ்வளவுதான். மேடம் அவரை மட்டும் ஓரமாக அழைத்துப் போய்க் காதில் ஏதோ சொன்னார். அவர் தலையாட்டினார். திரும்பி வந்த மேடம் இருவருக்கும் பொதுவாக, "இன்னைக்கு மூணு தரையிறக்கம். எப்ப வேணா என்ன வேணா நடக்கும். பேச்சு வேண்டாம், வேலை பண்ணுங்க" என்றார். பஞ்சுவுக்குப் புரிந்தது. சம்பந்தியைத் தப்பாக ஓட்டச் சொல்லி ஏதோ நாடகம் போடப்போகிறார். வலதுபக்கத்துக்காரர் பறிக்கிறாரா என்று பார்ப்பதற்கு.

நாடகம்தானே என்று தைரியம் சொல்லிக்கொண்டார். நாடகமானாலும் பொத்தான் பொத்தான்தான், விளக்கு விளக்குதான் என்றும் தோன்றியது.

முதல் தரையிறக்கம். உடும்பு ஓட்டினார். உயரம் குறைந்துகொண்டே வந்தது. காற்று ஒன்றும் பெரிதாக இல்லை. ஆனால் விமானம் வேண்டியதைவிட வேகமாக இறங்கிக்கொண்டிருந்தது.

"இறக்கம் அதிகம்" என்றார் பஞ்சு.

பதில் இல்லை.

"இறக்கம் அதிகம் சம்பந்தி!"

உடும்பு பல்லைக் கடித்துக்கொண்டு முன்னால் வெறித்தார். பிடியை இழுப்பதற்குப் பதில் அவர் கை இறுகி அப்படியே முன்னால் சாய்ந்திருந்தது. தரை குபுகுபுவென்று பெரிதாகி வந்தது.

"நான் எடுத்துக்கிறேன்" என்று பஞ்சு பிடியை இழுத்தார். உடும்பின் கை விடவில்லை. உடும்புப் பிடி என்று சும்மாவா சொன்னார்கள்!

"டூயல் இன்புட்! டூயல் இன்புட்!"

ஒரு நொடி. அந்த ஒரு நொடியில் பஞ்சுவுக்குக் கல்யாணம் நின்றுபோவதும், மனைவி தலையில் அடித்துக்கொள்வதும் எல்லாம் வந்து போயிற்று. கடைசியாக மகள் வந்தாள். டம்ளரைக் கீழே வைத்தாள்.

பஞ்சு அமுக்கினார்.

"சம்பந்தி, கையை எடுங்க!"

அப்படி ஒரு குரல் தனக்குள் இருப்பது அவருக்கே தெரியாது. "ப்ரையாரிட்டி ரைட்", வலதுபக்கத்துக்காரருக்கே உரிமை, என்று பெட்டி ஒப்புக்கொண்டது. உடும்பின் முகத்துக்கு நேரே சிவப்பு விளக்கு எரிந்தது. பஞ்சு எஞ்சினை முழுசாகத் திறந்து, மூக்கைத் தூக்கி, தரையைத் தொடாமல் மேலே கிளம்பினார். பெட்டி பின்னால் சாய்ந்தது. புல்வெளி, ஓடுபாதை எல்லாம் காலடியில் இறங்கிப் போயின.

போதுமான உயரம் வந்ததும்தான் அவருக்கு மூச்சு வந்தது. "தப்பா எடுத்துக்காதீங்க சம்பந்தி..." என்று ஆரம்பித்தார்.

"மன்னிப்பெல்லாம் கீழே இறங்கினப்புறம்" என்றார் பின்னாலிருந்து மேடம். "ஓட்டுங்க."

ஓட்டினார். ஒரு சுற்றுச் சுற்றி வந்து அவரே இறக்கினார். அவர் வழக்கப்படி, இறங்கியதா இல்லையா என்று சந்தேகம் வருகிற மாதிரி. விமானம் நின்றது. மேடம் உள்விளக்கைப் போட்டார்.

"நல்லா பண்ணீங்க சார். நேத்து வந்தவர்தானா நீங்கன்னு பார்க்கிறேன்" என்றவர், இடது சீட்டைப் பார்த்துத் திரும்பினார். "ஆனா நீங்க ஏன் சார் அவசரப்பட்டீங்க? மூணாவது தரையிறக்கத்துலதானே விடாம பிடிச்சுக்கச் சொன்னேன்? முதல்லயே நாடகத்தை ஆரம்பிச்சுட்டீங்களே!"

உடும்பின் கை இன்னும் செத்த பிடியின் மேலேயே இருந்தது. மெதுவாக எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"நாடகம் இல்ல மேடம்" என்றார். "நிஜமாத்தான். எனக்கு ஒண்ணுமே தெரியல."

மேடம் முன்னால் குனிந்து அவர் முகத்தைப் பார்த்தார்.

"பல்லு வலி மேடம். கடைவாய்ப் பல்லு. மூணு வாரமா உயிரை எடுக்குது. நிஜ விமானத்தைத் தொடல, லீவு போட்டுட்டேன். இது வெறும் சிமுலேட்டர்தானேன்னு வந்துட்டேன். கீழே இறங்கும்போது சுரீர்னு ஒரு குத்து. கண்ணு இருட்டிருச்சு. இவர் சொன்னது எதுவும் காதுல விழல. 'கையை எடுங்க'ன்னு கத்தினாரே, அதுதான் விழுந்தது."

"மூணு வாரமாவா?" பஞ்சு வாயைப் பிளந்தார். "அதான் ரசஞ்சாதமா? அதான் முகம் அப்படியா? ஏன் சம்பந்தி, வீட்டுலயே பல் டாக்டரை வச்சிக்கிட்டு..."

"அதனாலதான்!" உடும்பு கன்னத்தைப் பிடித்துக்கொண்டே பரிதாபமாகச் சொன்னார். "வரப்போற மருமக முன்னால போய் எப்படிங்க வாயைப் பிளந்துக்கிட்டு உட்கார்றது? மரியாதையா இருக்குமா? வேற டாக்டர்கிட்ட போனா அது அவளுக்கு அவமானம். சரி, கல்யாணம் முடியட்டும்னு இருந்தேன்."

தராசு மேடம் நெற்றியில் கை வைத்துக்கொண்டார். "உங்க ரெண்டு பேர் மரியாதையும் சேர்ந்து ஒருநாள் நிஜ விமானத்தையே கவுத்திருக்கும்." பிறகு குரலைத் தணித்துக்கொண்டார். "ஒத்துக்கிட்டீங்க பாருங்க, அதுக்காக ஃபெயில்னு போடாம உங்களுக்கு உடம்பு சரியில்லன்னு எழுதறேன். பல்லைச் சரி பண்ணிட்டு வாங்க, புதுசா வைக்கிறேன் பரீட்சை. அதுவரைக்கும் சிமுலேட்டர் பக்கமே வரக்கூடாது. மிச்ச ரெண்டு தரையிறக்கம் வேண்டாம், நீங்க பாஸ் சார்" என்றார் பஞ்சுவிடம்.

நாலாவது கோடு தப்பித்தது. ஆனால் பஞ்சுவுக்கு அப்போது அது ஞாபகமே இல்லை. சீட்டை விட்டு எழுந்த உடும்பு அவர் தோளில் கை போட்டு நின்றார். பிடி வழக்கம்போல் பலமாகத்தான் இருந்தது.

"சம்பந்தி, ஒண்ணு சொல்லட்டுமா? நீங்க எதுக்கெடுத்தாலும் சரி சரின்னு தலையாட்டும்போதெல்லாம் எனக்கு உள்ளுக்குள்ள கவலைதான். எங்க வீட்டுல நான் பிடிச்சதுதான் பிடி. உங்க பொண்ணும் உங்க மாதிரியே தலையாட்டினா எங்க வீட்டுல நான் தப்பாப் பிடிச்சா விடுன்னு எனக்கு யாருங்க சொல்றது? இன்னைக்குத்தான் எனக்கு நிம்மதி."

பேசினால் அழுதுவிடுவோம் என்று தெரிந்ததால் பஞ்சு போனை எடுத்து மகளைக் கூப்பிட்டார்.

"அமுக்கினீங்களாப்பா?" அவள் கேட்ட முதல் கேள்வி அதுதான்.

"அமுக்கினேம்மா. நீ சொன்ன மாதிரியே கத்தினேன். இரு, உன் மாமா பேசணுமாம்."

உடும்பு போனை வாங்கி, நிமிர்ந்து நின்று, தொண்டையைச் செருமிக்கொண்டார். அத்தனை பெரிய கேப்டனுக்கு முகம் சிவந்துவிட்டது. "அம்மா, இன்னைக்குச் சாயங்காலம் உன் கிளினிக்குல இடம் இருக்குமா? எனக்கு ஒரு பல்லு... ஆனா ஒண்ணும்மா. எனக்கு வலி தாங்காது. நான் உன் கையைப் பிடிச்சுக்கிட்டாலும் பிடிச்சுக்குவேன்."

பக்கத்தில் நின்ற பஞ்சுவுக்கும் பின்னால் நின்ற மேடத்துக்கும் அவள் குரல் தெளிவாகக் கேட்டது.

"தாராளமா வாங்க மாமா. பிடிச்சீங்கன்னா, கையை எடுங்கன்னு சொல்லிடுவேன்."

"சொல்லும்மா. சத்தமாவே சொல்லு" என்றார் உடும்பு.